எடை குறைந்த காரும் வாளையாற்றுக்கு இருபுறமும்

ஒரு காரை முழுதாக வாங்காமல், சட்டகத்தையும் மேற்கூட்டையும் தனித்தனிப் பாகங்களாக ஒரு நிறுவனத்திடமிருந்து பெற்று, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஏற்கெனவே சாலையில் ஓடித் தேறிய வேறொரு காரிலிருந்து எடுத்து, வீட்டுக் கொட்டகையிலோ பக்கத்துப் பட்டறையிலோ உடைமையாளரே பூட்டி முடிக்கும் வண்டி 'கிட் கார்' எனப்படுகிறது. இவற்றுள் புகழ்பெற்றவை இருவர் மட்டும் அமரக்கூடியவை. கூரையும் கதவும் பெயரளவுக்கே உள்ளவை. அரை டன் எடையை ஒட்டியே நிற்பவை. ஆகையால் புதிதாக ஒரு கிட் கார் வெளிவரும்போதெல்லாம் ஆர்வலர்களிடையே எழும் வாதம் வேகத்தைவிட எடையையே சுற்றி நடக்கிறது. இங்கிலாந்தில் பிறந்த இந்தப் பழக்கத்தின் கிளையொன்று தென்னிந்தியாவிலும் துளிர்த்தது. ஆனால் அது சாலையில் பரவாமல் பந்தயத் தடத்துக்குள்ளேயே வளர்ந்தது. அது வளர்ந்த ஊர் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் உள்ள கோயம்புத்தூர். வாளையாற்றுக்கு மேற்கே பாலக்காடு, சித்தூர் வட்டங்களில் வாழ்வோருக்கு அது ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டும் தொழில்நகரம்; ஆனைமலைக்குத் தெற்கே மறையூர், மூணாறு, தேவிகுளம் பகுதியினருக்கு சின்னார், உடுமலை, பொள்ளாச்சி வழியாக மலையிறங்கிச் சேரும் ஊர். இந்த எல்லைப்புறத்தில் எடை குறைந்த வண்டி எவ்வாறு செய்யப்பட்டது, எவ்வாறு மதிப்பிடப்பட்டது, ஏன் சாலைக்கு வராமல் போனது என்னும் கேள்விகளுக்கு விடை தேடினால், பொறியியல் சொல்வதைவிட வரிச் சட்டமும் உரிமச் சட்டமுமே கூடுதலாகச் சொல்கின்றன.

இங்கிலாந்தில் இந்த வழக்கம் வேரூன்றியதே ஒரு வரிவிதியால்தான். இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் அந்நாட்டில் முழுமையான புதிய காருக்குக் கொள்முதல் வரி கனமாக விதிக்கப்பட்டது; பாகங்களாக வாங்கி உடைமையாளரே பூட்டிக்கொள்ளும் காருக்கு அந்த வரி கிடையாது. காலின் சாப்மன் என்னும் பொறியாளரின் லோட்டஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட 'செவன்' என்ற கார் இந்த வேறுபாட்டை நம்பியே விற்பனைக்கு வந்தது. மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாக இணைத்துப் பற்றவைத்த கூடு ஒன்றே அதன் சட்டகம். இதனை 'ஸ்பேஸ் பிரேம்' என்பர். குழாய்கள் வளைந்து கொடுக்காமல் இழுப்பையும் அழுத்தத்தையும் மட்டுமே தாங்குமாறு அடுக்கப்படுவதால், குறைந்த உலோகத்தில் மிகுந்த விறைப்பு கிடைக்கிறது. அக்கூட்டின் மேல் அலுமினியத் தகடுகள்; முன்னால் 1,172 சிசி கொண்ட சாதாரண ஃபோர்டு இன்ஜின்; அவ்வளவே கார். பூட்டும் முறையை விளக்கும் கையேட்டைப் பாகங்களோடு சேர்த்துத் தந்தால் வரிவிலக்கு போய்விடும் என்பதனால், கழற்றும் முறையை விளக்கும் கையேடு தரப்பட்டதாகவும், வாங்கியவர் அதைப் பின்னிருந்து முன்னாகப் படித்துப் பூட்டிக்கொண்டதாகவும் ஆர்வலர்கள் இன்றும் சொல்வதுண்டு. 1973-இல் கொள்முதல் வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்தபோது இந்தச் சலுகை மறைந்தது; அதே ஆண்டில் செவனின் உற்பத்தியுரிமை கேட்டர்ஹாம் என்னும் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆனால் அதற்குள் தானே பூட்டிய காரைத் தானே ஓட்டும் பழக்கம் ஒரு தலைமுறையினரிடம் ஊன்றிவிட்டிருந்தது.

எடைக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பதை இங்கேயே விளக்குதல் தகும். காரின் குதிரைத் திறனை அதன் எடையால் வகுத்தால் கிடைப்பது திறன்–எடை விகிதம். முடுக்கத்தைத் தீர்மானிப்பது இன்ஜினின் தனித் திறனன்று, இந்த விகிதமே. திறனைக் கூட்டியும் விகிதத்தை உயர்த்தலாம், எடையைக் குறைத்தும் உயர்த்தலாம். ஆனால் இரண்டும் ஒரே பயனைத் தருவதில்லை. திறனைக் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டுமே பயன் தெரியும். எடையைக் குறைத்தாலோ பிரேக் பிடிக்கும் தூரமும் குறைகிறது, வளைவில் டயரின் மீது விழும் சுமையும் குறைகிறது, டயரும் பிரேக்கும் நீண்ட நாள் உழைக்கின்றன. எடை குறைந்த காரை விரும்புவோர், ஸ்டீயரிங்கின் வழியே சாலையின் மேடுபள்ளம் கைக்குத் தெரிகிறது என்பதை எல்லாவற்றுக்கும் மேலான சிறப்பாகச் சொல்கின்றனர். மறுதரப்பினரோ மழைக்கு மறைப்பில்லாத, பெட்டி வைக்க இடமில்லாத, மோதினால் காப்புக் குறைந்த வண்டிக்கு இத்தனை பணம் எதற்கு என்று கேட்கின்றனர். இரு தரப்பும் சொல்வது உண்மையே என்பதனால்தான் இந்த வாதம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தீரவில்லை.

இந்தியாவின் நிலைமை வேறாக இருந்தது. விடுதலைக்குப் பின் முழுக் காரின் இறக்குமதி ஏறத்தாழ அடைக்கப்பட்டது. காரைத் தயாரிக்க அரசின் தொழில் உரிமம் வேண்டியிருந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரிமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் என்னும் மூன்று நிறுவனங்களே 1980 வரை நாட்டின் கார்த் தேவையைப் பெரும்பாலும் நிறைவேற்றின. இந்தச் சூழலில், 1952-இல், கோவையின் ஜி.டி. நாயுடு இருவர் அமரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கி 2,000 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். உரிமம் கிடைக்காததால் அது உற்பத்திக்கு வரவில்லை. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழிலைத் தொடங்கி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரும் போக்குவரத்து நிறுவனத்தைக் கட்டிய அவருக்கு வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் கைப்பழக்கமாகத் தெரியும். அந்தச் சிறு கார் சாலைக்கு வந்திருந்தால் எடை குறைந்த காரின் இந்திய வரலாறு முப்பது ஆண்டுகள் முன்னரே தொடங்கியிருக்கும். அந்த இழப்பு ஒரு தனிமனிதரின் ஏமாற்றத்தோடு முடிந்ததன்று. ஒரு தொழில்நகரத்தின் திறன் எந்தத் திசையில் போகலாம், எந்தத் திசையில் போகக் கூடாது என்பதையும் அந்த மறுப்பு வரையறுத்துவிட்டது.

கோவையின் திறன் அதற்குள் வேறு வழிகளில் பெருகியிருந்தது. பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் வந்து சேர்ந்த பின் நூற்பாலைகள் பெருகின. ஆலைகளின் பழுது பார்க்கத் தோன்றிய பட்டறைகள் பம்பு, மோட்டார், வார்ப்படம் என்று விரிந்தன. வார்ப்படம் என்பது உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி உருவம் பெறுவது. அதற்கு முன் மரத்தில் மாதிரி செதுக்கும் தச்சர் வேண்டும், பின் லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவரும் தொழிலாளி வேண்டும். இந்த மூவரும் ஒரே தெருவில் கிடைக்கும் நகரத்தில், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியாத ஒரு உதிரிப் பாகத்தை மாதிரி பார்த்துச் செய்துகொள்வது அன்றாட நடைமுறையாக இருந்தது. பந்தயக் கார் கட்டும் தொழில் கோவையில் தோன்றியதற்குச் செல்வந்தர்களின் விருப்பத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அந்த விருப்பம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்ததே. இங்கே கூடுதலாக இருந்தது இந்தத் தெரு.

பந்தயம் நடந்த இடமோ சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். போர்க்காலத்தில் அமைக்கப்பட்டுப் பின் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில், 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் கொண்டுவர முடிந்த சிலர் நீங்கலாக, மற்றவர் எல்லாரும் கிடைத்த காரையே இலகுவாக்கினர். பின்னிருக்கையைக் கழற்றுவர், கண்ணாடியை எடுத்துவிட்டு நெகிழித் தகடு பொருத்துவர், உட்புறத் துணி, ஒலித் தடுப்பு, கூடுதல் சக்கரம் அனைத்தையும் நீக்குவர். ஒரு டன்னைத் தாண்டிய அம்பாசடரைவிட ஃபியட்டே இதற்கு உகந்ததென்பது ஓட்டுநர்களின் பொதுக் கருத்து. சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மற்றொரு சிறப்பு உண்டு: அதன் மேற்கூடு தனியே கழன்று வரும், அடிச்சட்டகம் தனியே நிற்கும். அதன் மூல வடிவமான டிரையம்ஃப் ஹெரால்டை இங்கிலாந்தின் கிட் கார் செய்வோர், மேற்கூட்டை நீக்கிவிட்டுத் தம் கூட்டைப் பொருத்துவதற்காகத் தேடித் தேடி வாங்கினர். அதே அமைப்புள்ள கார் இந்தியச் சாலைகளில் ஆயிரக்கணக்கில் ஓடியும் இங்கே அத்தகைய சாலைக் காரின் தொழில் ஏதும் தோன்றவில்லை.

பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த 'டால்ஃபின்' இந்தக் காலத்தின் தனித்தன்மை வாய்ந்த வண்டி. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் என்ற காரின் வழிவந்த இது, 848 சிசி அலுமினிய இன்ஜினையும் கண்ணாடியிழை மேற்கூட்டையும் கொண்டது. கண்ணாடியிழை என்பது நுண்ணிய கண்ணாடி நூல் விரிப்பைப் பிசினில் தோய்த்து அச்சில் படியவைத்து இறுகச் செய்வது. தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பெரும் எந்திரங்கள் இல்லாத சிறு நிறுவனமும் இதனால் காரின் கூட்டைச் செய்துகொள்ள முடியும். குடும்பத்துக்காகக் கார் வாங்கியவர்கள் ஃபைபர் கூட்டை நம்பவில்லை. தட்டினால் இரும்பின் ஓசை கேட்காத வண்டியை உறுதியானதென்று ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பந்தயத்திலும் ராலியிலும் இறங்கியவர்களோ அதே காரணத்துக்காகவே அதை விரும்பினர். ஒரே பொருளின் ஒரே பண்பு, பயன்படுத்துவோரின் நோக்கத்துக்கேற்பக் குறையாகவும் நிறையாகவும் மாறிய இந்தச் செய்தி, பின்னாளில் எடை குறைந்த கார்களைப் பற்றி எழுந்த எல்லாக் கருத்து வேறுபாடுகளுக்கும் முன்மாதிரி.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நிலைமை அடியோடு மாறியது. ஜப்பானின் சுசுகி வடிவமைத்த 796 சிசி, மூன்று உருளை இன்ஜின். திறன் 40 குதிரைக்கும் சற்றுக் குறைவு. காரின் மொத்த எடையே ஏறத்தாழ 650 கிலோ. இந்த எண்களைப் பார்த்துப் பந்தயத்துக்கு இது உதவாதென்று ஒதுக்கியிருக்கலாம். கோவையின் லட்சுமி மில் குடும்பத்தில் 1954-இல் பிறந்து, ஓட்டுநராகவும் கார் கட்டுபவராகவும் சோழவரத்தில் பெயர்பெற்ற எஸ். கரிவரதன் அவ்வாறு ஒதுக்கவில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரங்களை இயக்கும் அச்சுகள் மூன்றும் மாருதியின் முன்புறத்தில் ஒரே தொகுதியாக இருப்பதையும், அத்தொகுதியைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், முன்சக்கரங்களை இயக்கியது பின்சக்கரங்களை இயக்கும் என்பதையும் அவர் பயன்படுத்திக்கொண்டார். குழாய்ச் சட்டகம், ஃபைபர் கூடு, திறந்த சக்கரங்கள், ஒற்றை இருக்கை ஆகியவற்றோடு 1980களின் இறுதியில் உருவான அந்தக் கார் 'ஃபார்முலா மாருதி' எனப்பட்டது. ஃபார்முலா என்பது பந்தயத்துறையில் எல்லாரும் ஒரே அளவுவிதிக்கு உட்பட்ட கார்களில் போட்டியிடும் வகுப்பைக் குறிக்கும். செல்வம் மிக்கவர் திறன்மிக்க இன்ஜினை வாங்கி வெல்வதை அது தடுக்கிறது.

இந்தத் தேர்வின் அருமையை முழுதும் உணர, அதற்கு முன் இருந்த நிலையோடு ஒப்பிட வேண்டும். சோழவரத்தின் பெரிய பந்தயங்களில் வெளிநாட்டு ஃபார்முலா கார்கள் ஓடியதுண்டு. விஜய் மல்லையா என்சைன் என்னும் முன்னாள் ஃபார்முலா ஒன் காரையே அங்கு ஓட்டியிருக்கிறார். அத்தகைய காரில் ஒரு சிறு உறுப்பு உடைந்தால் அந்தப் பருவமே முடிந்துபோகும். ஃபார்முலா மாருதியில் உடைந்த உறுப்பை எந்த ஊரின் உதிரிப் பாகக் கடையிலும் வாங்கலாம். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் கிடைக்கும் பாகம் அது. மாருதி பழுதுபார்க்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் அதன் இன்ஜினைத் திறந்து பார்க்க முடியும். திறன் குறைவு என்று குறைபட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் திறன் குறைந்த காரில் வளைவில் இழந்த வேகத்தைத் திரும்பப் பெறுவது அரிதென்பதால், வேகத்தை இழக்காமல் வளைவைக் கடக்கும் கலையை அது ஓட்டுநருக்குக் கற்பித்தது என்பதே அதில் பயின்றவர்களின் முடிந்த கருத்தாக நிலைத்தது. இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் ஓட்டிய இருவரும், 2005-இல் ஜோர்டன் அணியில் இடம்பெற்ற கோவையின் நரேன் கார்த்திகேயனும் 2010-இல் களமிறங்கிய சென்னையின் கருண் சந்தோக்கும், தம் தொடக்கக் காலத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்களே. ஒரு குடும்பக் காரின் இன்ஜினை இடம்மாற்றி வைத்த எளிய முடிவு இத்தனை தொலைவுக்கு ஆட்களைக் கொண்டுசென்றது என்பது இந்நாட்டின் பொறியியல் வரலாற்றில் உரிய இடம் பெறாத சாதனை.

கரிவரதன் 1995 ஆகஸ்ட்டில் விமான விபத்தில் இறந்தார்; அப்போது அவருக்கு வயது 41. சோழவரத்துக்கு மாற்றாகச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் நிலையான பந்தயத் தடம் அமைந்துவிட்டிருந்தாலும், கார்கள் கட்டப்படும் கோவையில் தடம் இல்லாத குறை நீடித்தது. 2000களின் தொடக்கத்தில் நகருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் அமைக்கப்பட்டு, அவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயரிடப்பட்டது. வண்டிச் சங்கிலி தயாரிப்பில் பெயர்பெற்ற எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரில், மாருதியின் பெரிய இன்ஜினைக் கொண்ட எல்.ஜி.பி. ஃபார்முலா வகுப்புகள் பின்னர் வந்தன. தத்துவம் மட்டும் மாறவில்லை. இந்தத் தடத்தின் வருகையால் வாளையாற்றுக்கு மேற்கே உள்ள ஆர்வலர்களுக்கு ஏற்பட்ட மாற்றம் பெரிது. சென்னைக்குப் போக ஓர் இரவு ரயில் பயணம் வேண்டியிருந்தவர்கள், காலையில் பாலக்காட்டிலிருந்து புறப்பட்டுப் பந்தயம் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்றாயிற்று. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த ஊர். மாநில எல்லை வரையப்பட்ட பிறகும் நெல்லும் காய்கறியும் ஆட்களும் கணவாய் வழியே போய்வந்ததைப் போலவே, கார் பற்றிய கருத்துகளும் எல்லை பாராமல் போய்வந்தன.

சாலையில் ஓடக்கூடிய இலகு விளையாட்டுக் காரைச் செய்ய எடுத்த முயற்சிகளும் இல்லாமல் இல்லை. பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் 1990களின் இறுதியில் 'ஸ்டார்ம்' என்னும் இருவர் அமரும் திறந்த காரைக் கொண்டுவந்தது. ஃபைபர் கூடு, ரெனோவின் 1,149 சிசி இன்ஜின். மகாராட்டிரத்தின் அலிபாக்கில் சிங்காரா மோட்டார்ஸ், லோட்டஸ் செவனின் சாயலில் ரோட்ஸ்டர் ஒன்றைச் செய்தது. கான்டெசா காரில் வந்த இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் அதற்குப் பயன்பட்டது. தோற்றத்தை எல்லாரும் மெச்சினர். ஸ்டார்முக்கு இன்ஜின் போதாது என்பது பரவலான குறை. இருந்தும் இவை நிலைபெறாததற்கு அந்தக் குறை முதன்மைக் காரணமன்று. சிறு எண்ணிக்கையில் செய்யப்படும் காரும் பெரு நிறுவனத்தின் காருக்குரிய அதே ஒப்புதல் சோதனைகளைக் கடக்க வேண்டும். அந்தச் செலவைச் சில நூறு கார்களின் மீது பகிர்ந்தால் விலை கட்டுக்குள் நிற்காது.

மலைப்பக்கம் திரும்பினால், எடை குறைந்த வண்டிக்கு இடுக்கி மாவட்டம் தனக்கே உரிய வரலாற்றை வைத்திருக்கிறது. 1902-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே தேயிலை கொண்டுசெல்ல அமைக்கப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், தொடக்கத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடியது. சுமையின் பெரும்பகுதியைத் தண்டவாளமும், சமநிலையைப் பக்கத்துச் சாலையில் உருளும் ஒரு சக்கரமும் தாங்கின. இரட்டைத் தண்டவாளம் போட இடமும் பணமும் இல்லாத மலைக்கு அது பொருத்தமான தீர்வு. 1908-இல் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்ட அது, 1924-இல், கொல்லம் ஆண்டு 1099-இன் பெருவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பிறகு மலையை ஆண்டது ஜீப்.

ஜீப்பும் எடைக்கணக்கில் பிறந்த வண்டியே. 1940-இல் அமெரிக்க இராணுவம் கேட்டது 1,300 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 590 கிலோ எடையுள்ள வண்டி. யாராலும் செய்ய முடியாததால் வரம்பு 2,160 பவுண்டாக உயர்த்தப்பட்டது. வில்லிஸ் நிறுவனத்தார் தம் வண்டியை அந்த வரம்புக்குள் கொண்டுவரத் திருகாணியின் நீளம் முதல் வண்ணப்பூச்சின் கனம் வரை கணக்கிட்டுக் குறைத்தனர். இந்தியாவுக்கு அது 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தின் வழியே, பிரித்த பாகங்களாகக் கப்பலேறி வந்து பம்பாயில் பூட்டப்பட்டது. ஒரு பொருளில் இந்தியாவின் முதல் ஜீப்புகளும் கிட் வண்டிகளே. தேயிலைத் தோட்டங்களிலும் ஏலக்காட்டுப் பாதைகளிலும் அது தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ட்ரிப் வண்டியாக, நோயாளியை இறக்கும் வண்டியாக, மூட்டை சுமக்கும் வண்டியாக நிலைத்தது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில் இன்றும் பயணிகளை ஏற்றிச் செல்வது ஜீப்தான்.

இந்தப் பகுதி ஓட்டுநர்களின் மதிப்பீட்டில் 'இலகு' என்பதற்கு வேறு பொருள் உண்டு. பந்தயக்காரர் எடையைக் குறைப்பது முடுக்கத்துக்காக. மலை ஓட்டுநர் எடை குறைந்த வண்டியை விரும்புவது, ஈரமண்ணில் புதையாமல் ஏறுவதற்கும், சிக்கினால் நால்வர் கைகொடுத்துத் தள்ளுவதற்கும், கொண்டை ஊசி வளைவில் ஒரே முயற்சியில் திரும்புவதற்கும். பூஜோ டீசல் இன்ஜின் கொண்ட எம்.எம். 540 போன்ற பழைய ஜீப்புகளைப் புதிய, கனமான, மின்னணுக் கருவிகள் நிறைந்த வண்டிகளுக்கு மேலாக அவர்கள் வைப்பதும் இதனால்தான். பட்டறையில் தகட்டை வெட்டிக் கூட்டைப் புதுப்பிப்பதும், இராணுவ ஏலத்தில் எடுத்த வண்டியைப் பிரித்துக் கட்டுவதும், இன்ஜினை மாற்றுவதும் கேரளத்தில் பரவலான கைத்தொழிலாக இருந்தன. செவனைத் தன் கொட்டகையில் பூட்டிய ஆங்கிலேயருக்கும், நெடுங்கண்டத்திலோ அடிமாலியிலோ ஒரு ஜீப்பைத் திரும்பக் கட்டியவருக்கும் கைத்திறனில் வேறுபாடு இல்லை; ஆங்கிலேயருக்குச் சட்டம் வழிவிட்டது, இவருக்கு விடவில்லை.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் காட்டிய நெகிழ்வை ஏற்காத உச்ச நீதிமன்றம், 2019 ஜனவரி 9 அன்று இந்தத் தடையை உறுதிப்படுத்தியது. பாதுகாப்பை முன்னிட்டுப் பார்த்தால் தீர்ப்பின் நோக்கத்தில் குறை காண இயலாது. தவறாகப் பற்றவைத்த சட்டகம் மலைப்பாதையில் உடைந்தால் சாவது ஓட்டுநர் மட்டுமன்று. ஆனால் இங்கிலாந்து இதே கவலைக்கு வேறு தீர்வு கண்டது: 1998 முதல் தனிமனிதர் கட்டிய ஒவ்வொரு வண்டியையும் ஆய்வாளர் ஒருவர் தனியே சோதித்து, பிரேக், விளக்கு, ஸ்டீயரிங், கூர்முனைகள், புகை அனைத்தும் விதிப்படி இருந்தால் சாலைக்கு அனுமதிக்கும் முறை அங்கே உண்டு; 2009 முதல் அது மேலும் விரிவாக நடைபெறுகிறது. அத்தகைய தனிவண்டிச் சோதனை இந்தியாவிலும் ஏற்பட்டிருக்க வேண்டும். இல்லாமையால் நேர்ந்தது பாதுகாப்பன்று, திறமையான பட்டறைகள் ஒளிவுமறைவாகத் தொழில் செய்யும் நிலைமையே.

இதனிடையே செவனின் இன்றைய வாரிசு, கோவைக்கு நெருக்கமான ஒரு முடிவை எடுத்தது. கேட்டர்ஹாம் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட '160' என்னும் காரிலும், 2021-இல் வெளியிட்ட '170' என்னும் காரிலும் ஜப்பானியச் சிறுகார்களுக்கென்று சுசுகி செய்த 660 சிசி டர்போ இன்ஜின் பொருத்தப்பட்டது. டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும் விசிறி. 170-இன் திறன் 84 குதிரை. எடை 440 கிலோ. ஆர்வலர்களின் கருத்து உடனே பிளவுபட்டது. விளையாட்டுக் காருக்கு மூன்று உருளை இன்ஜினா, பின்னச்சும் முழுத்தண்டாக இருப்பதா, இந்த விலைக்குக் கதவுகூட இல்லையா என்று ஒரு சாரார் கேட்டனர். குறுகிய டயரில், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே, காரின் எல்லையைத் தொட்டு ஓட்டும் இன்பம் பெரிய இன்ஜினில் கிடைக்காது என்று மறுசாரார் விடையிறுத்தனர். இந்த இரண்டாம் விடை கோவைக்குப் புதிதன்று. சுசுகியின் மூன்று உருளை இன்ஜினைக் குழாய்ச் சட்டகத்தில் வைத்து, குறைந்த திறனை ஓட்டுநரின் பயிற்சிக்கு உதவியாக மாற்றிய வேலை அங்கே கால் நூற்றாண்டு முன்னரே நடந்து முடிந்திருந்தது.

அண்மை ஆண்டுகளில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டியில், நாடெங்குமுள்ள பொறியியல் கல்லூரி மாணவர் தாமே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு வந்து சேர்கின்றனர். மொத்தம் 1,000 மதிப்பெண். வேகத்துக்கு மட்டுமன்றி, வடிவமைப்பை நடுவர் முன் விளக்குவதற்கும், ஒவ்வொரு பாகத்தின் விலையைக் கணக்குக் காட்டுவதற்கும் அதில் பங்குண்டு. தடத்தில் இறங்குமுன் சோதனையாளர்கள் சட்டகத்தின் குழாய் கனத்தையும் பற்றவைப்பையும் பிரேக்கையும் தனித்தனியே பார்த்து, குறை கண்டால் திருப்பியனுப்புகின்றனர். மாணவர் இரவோடிரவாகத் திருத்திக்கொண்டு மறுநாள் மீண்டும் வரிசையில் நிற்கின்றனர். கேடிஎம், ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களின் இன்ஜின்கள் அக்கார்களில் மிகுதி. மின்கலத்தில் ஓடுபவையும் இப்போது வருகின்றன. மின்கலத்தின் கனம் எடைக்கணக்கை மறுபடியும் தொடக்கத்திலிருந்தே போட வைத்திருக்கிறது. 22 கிலோமீட்டர் தாங்குதிறன் ஓட்டத்தை முடிக்கும் அளவுக்கு மின்கலம் எவ்வளவு வைப்பது, அதற்கு ஈடாகச் சட்டகத்தில் எந்தக் குழாயை மெலிப்பது என்பதே இப்போது செட்டிபாளையத்தின் பட்டறைக் கூடாரங்களில் நடக்கும் வாதம்.